ஹைவ், ஸ்டீமிட்டில் எழுதினால் உண்மையில் கைக்கு எவ்வளவு வரும்?

தேன்மொழி_க எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மாடித்தோட்டம், விதை சேமிப்பு பற்றித் தமிழில் சில வருடங்களாக எழுதி வருகிறேன். விளம்பரங்கள் மூலம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் வரவில்லை. இப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஹைவ் என்று ஒரு தளத்தைச் சொல்கிறார், ஒரு பதிவுக்கு 20 டாலர், 30 டாலர் என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுகளைப் போட்டு, கட்டணம் கட்டினால் எப்படி என்று சொல்லித் தருகிறேன் என்கிறார். கிரிப்டோ என்றாலே எனக்குப் பயம்தான். ஆனாலும் எழுதுவதற்குக் காசு கிடைக்கிறது என்றால் ஆசையாக இருக்கிறது. இது உண்மையா? தமிழில் எழுதினால் கிடைக்குமா? கைக்காசு போடாமல் தொடங்க முடியுமா? வங்கிக் கணக்குக்கு எப்படி வந்து சேரும்? பயன்படுத்தியவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கல்லணைக்காரன் எழுதியது:

அக்கா, முதலில் அந்த வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். அதில் சொல்லித் தரப்போவது எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தளம் உண்மையானதுதான், நான் ஸ்டீம் பிளாக்செயினில் ஓடும் ஸ்டீமிட் காலத்திலிருந்து எழுதுகிறேன், இப்போது ஸ்டீமிலிருந்து பிரிந்த ஹைவில் எழுதுகிறேன். ஆனால் அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் தொகை எழுதியவர் கைக்குப் போகும் தொகை இல்லை, இதை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு பதிவின் கீழே 20 டாலர் என்று காட்டுகிறதா, அதில் பாதி வாக்குப் போட்டவர்களுக்கு. 2019 ஆகஸ்டில், ஸ்டீமாக இருந்தபோது வந்த 21ஆவது ஹார்ட்ஃபோர்க்குக்கு, அதாவது தளத்தின் விதிகளை மாற்றும் மென்பொருள் மாற்றத்துக்கு முன்னால் எழுதியவருக்கு முக்கால், வாக்களித்தவருக்குக் கால் என்று இருந்தது, அதன் பிறகு பாதிக்குப் பாதி. ஆக எழுதியவருக்கு 10. அந்தப் பத்திலும் பாதிதான் எச்பிடி என்ற டோக்கனாக, அதாவது கிரிப்டோ நாணயமாக வரும், ஒரு டாலருக்குப் பக்கத்தில் நிற்கும்படி அமைக்கப்பட்டது அது. மீதி பாதி ஹைவ் பவராக வரும், அதாவது பூட்டி வைத்த ஹைவ் டோக்கன். அதை எடுக்க வேண்டும் என்றால் பவர் டவுன் போட வேண்டும், 13 வாரம், வாரத்துக்கு ஒரு பங்காகத்தான் வெளியே வரும். அந்த 13 வாரத்தில் ஹைவ் விலை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆக 20 டாலர் பதிவில் உடனே விற்கக்கூடியது 5 டாலர் அளவுதான். அதுவும் பதிவு போட்டு 7 நாள் கழித்து. அந்த 7 நாளுக்குள் காட்டும் தொகை ஏறும், இறங்கும், சில நேரம் பூஜ்யமாகவும் ஆகும்.

அடுத்தது, இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது. பலர் விளம்பர வருமானம் என்று நினைக்கிறார்கள், இல்லை. தளத்தின் கணக்குப் புத்தகமான பிளாக்செயினில் மூன்று விநாடிக்கு ஒரு பிளாக், அதாவது ஒரு புதுப் பக்கம் உருவாகும்போது புது ஹைவ் அச்சாகிறது. ஆண்டுக்கு 9.5 சதவீதம் என்று ஸ்டீமில் 2016 கடைசியில் தொடங்கி, வருடத்துக்குச் சுமார் அரை சதவீதம் குறைந்துகொண்டே வரும் கணக்கு. அச்சாவதில் 65 சதவீதம் பதிவர்களுக்கும் வாக்களிப்பவர்களுக்குமான பொதுத்தொகுப்புக்குப் போகிறது, 15 ஹைவ் பவர் வைத்திருப்பவர்களுக்கு, 10 பிளாக்செயினை ஓட்டும் விட்னஸ்களுக்கு, 10 வளர்ச்சித் திட்டங்களுக்கு. இந்தத் தொகுப்பில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை எத்தனை பேர் படித்தார்கள் என்பது தீர்மானிப்பதில்லை. எவ்வளவு ஹைவ் பவர் உள்ளவர்கள் வாக்குப் போட்டார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. ஊர்ப் பொது நெல்லைப் பங்கு பிரிக்கும்போது நிறைய நிலம் வைத்திருப்பவர் யாரைக் கை காட்டுகிறாரோ அவர் சாக்கில்தான் மரக்கால் விழும், அதுபோல. நூறு சாதாரண வாசகர்கள் வாக்குப் போட்டாலும் ஒரு சென்ட் வராமல் போகலாம், ஒரு பெரிய கணக்கு வாக்குப் போட்டால் சில டாலர் வந்துவிடும். ஒரு பதிவின் தொகை 0.02 டாலரைத் தொடவில்லை என்றால் அதுவும் கிடையாது.

இன்னொன்று, 7 நாள் முடிந்த பதிவு முடிந்ததுதான். அடுத்த வருடம் பத்தாயிரம் பேர் தேடி வந்து படித்தாலும் அதற்கு எதுவும் வராது. உங்கள் விதை சேமிப்புக் கட்டுரை மாதிரி பல வருடம் பயன்படும் எழுத்துக்கு இது பெரிய இழப்பு. அதனால் பழைய வலைப்பூவை மூடிவிடாதீர்கள்.

புதுவைப்புயல் எழுதியது:

இவ்வளவு விளக்கம் எதற்கு? புதிதாக ஒருவர் வந்து டோக்கனை வாங்கினால்தான் பழையவர் விற்க முடியும். யாரும் வாங்கவில்லை என்றால் அந்த 5 டாலரும் காற்றுதான். ஸ்டீமிட்டின் டோக்கனான ஸ்டீம் 2018 ஜனவரியில் 8 டாலரைத் தொட்டது, அடுத்த வருடக் கடைசியில் 20 சென்ட்டுக்கும் கீழே கிடந்தது. ஒரு டாலரில் நிற்க வேண்டிய எஸ்பிடி என்ற இன்னொரு ஸ்டீம் டோக்கன் 2017 டிசம்பரில் 10 டாலருக்கு மேல் போனது, அப்புறம் ஒரு டாலருக்குக் கீழேயும் வந்தது. 2018 நவம்பரில் ஸ்டீமிட் நிறுவனமே ஊழியர்களில் 70 சதவீதம் பேரை அனுப்பியது. இதை நம்பிக் குடும்பப் பெண்களை இழுத்துவிடாதீர்கள்.

கல்லணைக்காரன் எழுதியது:

விலை பற்றி நீங்கள் சொன்னது எல்லாம் சரி, ஒரு வார்த்தை மறுக்க மாட்டேன். அந்த 2018 ஜனவரி விலையை வைத்து வேலையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று, இங்கே எழுதுகிறவர் பணம் கட்டவில்லை, யாரையும் சேர்த்துவிட வேண்டியதில்லை, இத்தனை சதவீதம் தருகிறோம் என்று பதிவருக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அவருடைய நேரம்தான் முதல். அந்த நேரத்துக்கு என்ன கிடைக்கும் என்று தெளிவாகத் தெரிந்து வருவதில் தவறில்லை. டோக்கனைக் காசு கொடுத்து வாங்கு, பவர் அதிகமானால் வருமானம் அதிகமாகும் என்று யாராவது சொன்னால் அங்கேதான் ஓட வேண்டும். எழுத வந்தவர் முதலீட்டாளர் ஆகிவிடுவது இந்தத் தளங்களில் சத்தமில்லாமல் நடக்கும் விஷயம்.

முத்துக்குளி எழுதியது:

ஸ்டீமிட்டா ஹைவா, எது நல்லது என்று யாரும் சொல்லவில்லையே. இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது. நான் ஹைவில் பயணக் கட்டுரைகள் எழுதினேன், பாதியில் நிறுத்திவிட்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கல்லணைக்காரன் எழுதியது:

ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், ஹைவ் ஸ்டீமிலிருந்து பிரிந்தது. அந்தக் கதை தெரியாமல் இந்தத் தளங்களில் கால் வைக்கக்கூடாது என்பது என் கருத்து, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஸ்டீம் பிளாக்செயின் 2016 மார்ச்சில் தொடங்கியது, நெட் ஸ்காட், டேன் லாரிமர் இருவரும் உருவாக்கியது. பதிவர்களுக்கு முதல் பணம் அதே வருடம் ஜூலை 4 அன்று கொடுக்கப்பட்டது. அடுத்த பத்து நாளில் தளத்தில் திருட்டு நடந்து சுமார் 260 கணக்குகள் பாதிக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே ஸ்டீமிட் நிறுவனம் டோக்கனில் பெரும்பங்கைத் தானே தோண்டி எடுத்து வைத்துக்கொண்டது. அதைத் தளத்தின் வளர்ச்சிக்குத்தான் செலவிடுவோம், வாக்குப் போடப் பயன்படுத்த மாட்டோம் என்பது எல்லோரும் நம்பியிருந்த ஏற்பாடு. 2020 பிப்ரவரி 14 அன்று டிரான் என்ற இன்னொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட்டை வாங்கிய செய்தி வந்தது. அந்தப் பங்கு முழுவதும் ஒரே மனிதர் கைக்குப் போகிறதே என்று பயந்த விட்னஸ்கள் அடுத்த வாரமே ஒரு சாஃப்ட்ஃபோர்க், அதாவது தற்காலிக மென்பொருள் மாற்றம் போட்டு அதை முடக்கினார்கள்.

மார்ச் 2 அன்று பைனான்ஸ், ஹுவோபி, பொலோனிக்ஸ் ஆகிய மூன்று எக்ஸ்சேஞ்சுகளும், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் தளங்களும், தங்களிடம் வாடிக்கையாளர்கள் போட்டு வைத்திருந்த ஸ்டீமைப் பவர் அப் செய்து, அதாவது பூட்டி, அந்தப் பவரால் விட்னஸ் தேர்தலில் வாக்களித்து, முதல் 20 விட்னஸ்களையும் ஒரே நாளில் தூக்கிவிட்டன. அந்த டோக்கன் எக்ஸ்சேஞ்சுகளுடையது இல்லை, நம்மைப் போன்றவர்களுடையது. பவர் அப் செய்தால் 13 வாரம் பூட்டு என்பதால் போட்டவர்கள் எடுக்கவும் முடியவில்லை. எதிர்ப்புக் கிளம்பியதும் பைனான்ஸும் ஹுவோபியும் பின்வாங்கின, ஆனாலும் நிலைமை பழையபடி ஆகவில்லை. மார்ச் 20 அன்று பழைய விட்னஸ்களும் பயனர்களும் சேர்ந்து மொத்தத்தையும் நகல் எடுத்து, அந்த நிறுவனப் பங்கை மட்டும் நீக்கிவிட்டு ஹைவ் என்று தனியாகப் போனார்கள். அதற்குப் பழிவாங்குவது போல மே மாதம் ஸ்டீமில் ஒரு ஹார்ட்ஃபோர்க் போட்டு, 60க்கும் மேற்பட்ட கணக்குகளிலிருந்து 2 கோடிக்கும் அதிகமான ஸ்டீமைப் பறித்தார்கள்.

ஒருவருடைய வாலட்டில் இருக்கும் டோக்கனை அவருடைய சாவி இல்லாமலே எடுக்க முடிந்த இடம் அது. அதனால் நான் ஸ்டீமிட்டில் எழுதுவதில்லை, யாரையும் போகச் சொல்வதும் இல்லை. ஹைவிலும் பெரிய கைகள் இருக்கின்றன, ஆனால் ஒரே கை இல்லை.

முத்துக்குளி எழுதியது:

பெரிய கைகள் என்று சொன்னீர்களே, அதைத்தான் நான் சொல்ல வந்தேன். என் பயணப் பதிவுகளுக்கு ஒரு பெரிய கணக்கு தொடர்ந்து வாக்குப் போட்டது. நல்ல படங்கள், நானே எடுத்தவை, ஒரு வரிகூட எங்கிருந்தும் எடுத்தது இல்லை. ஒருநாள் இன்னொரு பெரிய கணக்கு வந்து வரிசையாக டவுன்வோட், அதாவது தொகையைக் குறைக்கும் எதிர்வாக்கு போட்டது, எல்லாப் பதிவும் பூஜ்யம். கேட்டதற்கு, உங்கள் மீது கோபம் இல்லை, வாக்குப் போட்டவர் தானியங்கியாகப் போடுகிறார், தொகை அதிகம் என்று தோன்றியது என்று பதில். அவர்கள் இரண்டு பேர் சண்டைக்கு நான் ஏன் அகப்பட வேண்டும்? எழுதுகிற மனதே போய்விட்டது. யூடியூபில் யாராவது டிஸ்லைக் போட்டால் நம் பணத்தைப் பிடுங்குகிறார்களா?

கல்லணைக்காரன் எழுதியது:

உங்களுக்கு நடந்தது நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டவுன்வோட் ஏன் வந்தது என்பதையும் தேன்மொழி அக்காவுக்காகச் சொல்ல வேண்டும். பொதுத்தொகுப்பு ஒன்றுதான், ஒருவருக்கு அதிகம் போனால் மற்ற எல்லோருக்கும் குறையும். 2017, 2018இல் ஸ்டீமிட்டின் டிரெண்டிங் பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிட்பாட்டுகள் என்ற தானியங்கிக் கணக்குகளுக்கு எஸ்பிடி அனுப்பினால் அவை வாக்குப் போடும், ஒரு படமும் இரண்டு வரியும் போட்ட பதிவு நூற்றுக்கணக்கான டாலர் காட்டும். கஷ்டப்பட்டு எழுதியவர் பக்கம் அடியில் கிடக்கும். பவர் வைத்திருந்தவர்கள் படிக்காமலே அதைப் பிட்பாட்டுகளுக்கு வாடகை விட்டுச் சம்பாதித்தார்கள். 21ஆவது ஹார்ட்ஃபோர்க்கில் டவுன்வோட்டுக்குத் தனி மானா, அதாவது தனி வாக்குச் சக்தி கொடுத்ததும், வாக்களிக்கும் க்யூரேட்டரின் பங்கைக் காலிலிருந்து பாதியாக உயர்த்தியதும் அந்த வியாபாரத்தை ஒழிக்கத்தான், பெரும்பாலும் ஒழிந்தது. திருட்டுப் பதிவு, ஒரே கட்டுரையை நாலு கணக்கில் போடுவது, ஏஐ எழுதியதைத் தன் எழுத்து என்று போடுவது எல்லாவற்றையும் ஹைவ்வாட்சர்ஸ் என்ற குழு கண்காணிப்பதும் இந்த ஆயுதத்தை வைத்துத்தான்.

7ஆவது நாள் வரை காட்டும் தொகை உங்கள் பணம் இல்லை, அது ஒரு முன்மொழிவு. இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை, அதனால்தான் பறித்த மாதிரி வலிக்கிறது.

முத்துக்குளி எழுதியது:

முன்மொழிவு என்றால் ஏன் டாலர் குறி போட்டுப் பெரிதாகக் காட்டுகிறார்கள்? ஏழு நாள் கழித்துக் காட்டட்டுமே. பிட்பாட்டை ஒழித்தது நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் டவுன்வோட் போட்டால் திருப்பி அடிப்பார்கள் என்ற பயம் இருக்கிறது, புதியவர் மீது போட்டால் எந்தப் பயமும் இல்லை. அதனால் அடி எப்போதும் சின்ன ஆட்கள் மீதுதான் விழுகிறது. என்னோடு எழுதத் தொடங்கிய நல்ல எழுத்தாளர்கள் பலர் இப்போது அங்கே இல்லை.

கல்லணைக்காரன் எழுதியது:

இதற்கு என்னிடம் பதில் இல்லை, நீங்கள் சொல்வது உண்மை. ஒரே கணக்கின் தானியங்கி வாக்கை நம்பி இருந்தால் இந்த ஆபத்து அதிகம், பலரிடமிருந்து சிறிது சிறிதாக வந்தால் குறைவு, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

செங்காந்தள் எழுதியது:

தமிழில் எழுதினால் வருமா என்று கேட்டிருந்தார், அதற்கு நான் சொல்கிறேன், தோட்டக்கலைப் பக்கம் கொஞ்ச நாள் க்யூரேஷன், அதாவது நல்ல பதிவுகளைத் தேடி வாக்குப் போடும் வேலை செய்தவள் என்ற முறையில். தமிழில் மட்டும் எழுதினால் ஏறக்குறைய ஒன்றும் வராது. தமிழ் மட்டமான மொழி என்றா அர்த்தம், இல்லவே இல்லை. பவர் வைத்திருப்பவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. படிக்காத பதிவுக்கு நேர்மையான க்யூரேட்டர் வாக்குப் போட மாட்டார்.

வெனிசுவேலாவைப் பாருங்கள். 2018இல் அங்கே பணவீக்கம் கட்டுக்கடங்காமல் போய், ஒரு மாதச் சம்பளம் சில டாலர் என்று ஆனபோது ஆயிரக்கணக்கானவர்கள் ஸ்டீமிட்டில் எழுத வந்தார்கள். ஒரு பதிவுக்கு இரண்டு டாலர் வந்தால் அது அரிசி, மருந்து. அவர்கள் சம்பாதித்ததை எல்லாம் விற்றுவிடவில்லை, கொஞ்சம் பவராகச் சேர்த்து, ஸ்பானிய மொழிப் பதிவுகளைத் தேடி வாக்குப் போடும் குழுக்களை உருவாக்கினார்கள். இன்று ஹைவில் ஆங்கிலத்துக்கு அடுத்து ஸ்பானிய மொழிதான் கண்ணில் படுகிறது. தமிழுக்கு அப்படி ஒரு கூட்டு இல்லை. பத்துப் பேர் சேர்ந்தால் தொடங்கலாம், ஆனால் முதல் ஒரு வருடம் யாருக்கும் காசு வராது என்று தெரிந்தே தொடங்க வேண்டும்.

அதுவரை, தேன்மொழி, ஆங்கிலமும் தமிழும் சேர்த்துப் போடுங்கள். மேலே ஆங்கிலம், கீழே தமிழ். ஹைவில் தோட்டத்துக்கென்றே சமூகங்கள் இருக்கின்றன, அங்கே உங்கள் கத்தரி விதையைச் சாம்பல் போட்டு எடுத்து வைக்கும் முறையை ஆர்வமாகப் படிப்பார்கள், ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் கேள்வி கேட்பார். உங்கள் மாடியில் நீங்களே எடுத்த படம் போடுங்கள், கூகுள் படம் வேண்டாம். மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தினால் பதிவிலேயே சொல்லிவிடுங்கள். பழைய வலைப்பூவில் வந்ததை மறுபடி போட்டால் அது உங்கள் வலைப்பூதான் என்று நிரூபிக்கக் கேட்பார்கள், அப்படியும் அதற்குப் பெரிய வரவேற்பு இருக்காது, புதிதாக எழுதுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், மற்றவர்கள் பதிவைப் படித்துப் பின்னூட்டம் போடுவது. நல்ல பதிவு, நன்றி என்று ஐம்பது இடத்தில் போடுவதைச் சொல்லவில்லை. அவர்கள் தக்காளியில் இலைச்சுருட்டு வந்தால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். நான் வாக்குப் போட்டவர்களில் பாதிப் பேரைப் பின்னூட்டத்தில்தான் முதலில் பார்த்தேன்.

நீலவானம்72 எழுதியது:

வங்கிக்கு எப்படி வரும் என்ற கேள்விக்கு வருகிறேன், வரி பார்க்கும் வேலையில் இருப்பதால். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது, ஆகவே இது சட்டவிரோதம் இல்லை. ஆனால் 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விற்றால் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் செஸ். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. 2022 ஜூலை முதல் விற்கும் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ்ஸும் உண்டு. உங்கள் வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் இந்த 30 சதவீதத்தில் தள்ளுபடி இல்லை என்பது பலருக்குத் தெரியாது.

எழுதியதற்காகக் கிடைக்கும் டோக்கன் என்பதால், கிடைத்த அன்று அதன் ரூபாய் மதிப்பு என்ன என்று ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். அது கிடைத்தபோதே வருமானமா, விற்கும்போது அடக்க விலை எது என்பதை எல்லாம் கணக்காளர் பார்க்க வேண்டும், அந்தக் குறிப்பு இல்லாமல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வருமான வரிப் படிவத்தில் இதற்கென்று தனி அட்டவணை இருக்கிறது, சின்னத் தொகை என்று விட்டுவிடாதீர்கள்.

தேன்மொழி_க எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வகுப்புக்குப் பணம் கட்டப் போவதில்லை. ஆனால் எழுதிப் பார்க்க ஆசை வந்துவிட்டது, மாதம் சில நூறு ரூபாய் வந்தால்கூட விதைக்கும் மண்ணுக்கும் ஆகும். கணக்கு எப்படித் தொடங்குவது? சாவி, சாவி என்கிறீர்களே, அது கடவுச்சொல்தானா? எச்பிடியை எப்படி ரூபாயாக்குவது?

கல்லணைக்காரன் எழுதியது:

அந்த எதிர்பார்ப்போடு வந்தால் ஏமாற்றம் இருக்காது அக்கா.

கணக்கு தொடங்கப் பிளாக்செயினில் 3 ஹைவ் கட்டணம் உண்டு, ஆனால் ஏற்கெனவே இருப்பவர்கள் இலவசமாக உருவாக்கித் தர முடியும், ஈசென்சி போன்ற செயலிகள் வழியாகவும் கிடைக்கும். நீங்கள் காசு போட வேண்டாம். தொடக்கத்தில் பவர் இல்லாததால் ஒரு நாளைக்குச் சில பின்னூட்டங்களுக்கு மேல் போட விடாது, ரிசோர்ஸ் கிரெடிட் (பவருக்கு ஏற்பக் கிடைக்கும் பயன்பாட்டு அளவு) தீர்ந்துவிட்டது என்று வரும். யாராவது தங்கள் பவரைக் கொஞ்சம் டெலிகேட் செய்தால், அதாவது இரவல் தந்தால் சரியாகிவிடும், செங்காந்தளோ நானோ செய்கிறோம்.

சாவி என்பது நீங்கள் பழகிய கடவுச்சொல் மாதிரி இல்லை. மறந்துவிட்டேன் என்று கேட்டால் திருப்பித் தர எந்த அலுவலகமும் கிடையாது. நாலு விதம் உண்டு. போஸ்டிங் சாவி எழுதவும் வாக்குப் போடவும், ஆக்டிவ் சாவி பணம் அனுப்ப, மெமோ சாவி ரகசியக் குறிப்புகளுக்கு, ஓனர் சாவி மற்ற எல்லாவற்றையும் மாற்ற. அன்றாடத்துக்குப் போஸ்டிங் சாவி மட்டும் போதும். ஓனர் சாவியையும் மாஸ்டர் கடவுச்சொல்லையும் தாளில் எழுதி நகை வைக்கும் இடத்தில் வையுங்கள், வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும் கூட. உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, இந்த இணைப்பில் உள்ளே நுழையுங்கள் என்று பின்னூட்டம் வரும், தொடவே வேண்டாம்.

ரூபாயாக்க, எச்பிடியைப் பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகள் வாங்குவதில்லை. வாலட்டுக்குள்ளேயே ஒரு சந்தை இருக்கிறது, அங்கே எச்பிடியைக் கொடுத்து ஹைவ் வாங்க வேண்டும். பிறகு ஹைவை எடுத்துக்கொள்ளும் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்ப வேண்டும், இந்தியச் சட்டப்படி எஃப்ஐயு என்ற அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ததா என்று பார்த்துவிட்டு. அனுப்பும்போது அவர்கள் தரும் மெமோ எண்ணைக் கட்டாயம் போடுங்கள். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே கணக்குப் பெயர்தான் இருக்கும், மெமோ இல்லை என்றால் அது யாருடைய பணம் என்று அவர்களுக்குத் தெரியாது. முதல் முறை ஒரே ஒரு ஹைவ் அனுப்பிப் பாருங்கள், கட்டணம் கிடையாது, சில விநாடியில் போய்விடும். அது வந்து சேர்ந்த பிறகு மீதியை அனுப்பலாம்.

உடனே விற்க வேண்டாம் என்றால் எச்பிடியைச் சேமிப்பில் போட்டு வைக்கலாம், வட்டி உண்டு, எடுக்க 3 நாள் ஆகும். வட்டி விகிதத்தை விட்னஸ்கள் நிர்ணயிக்கிறார்கள், 2022இல் 20 சதவீதம் வரை போனது, இது மாறிக்கொண்டே இருக்கும். வட்டியைக் கண்டு வீட்டுப் பணத்தைக் கொண்டுபோய்ப் போடாதீர்கள். அங்கே சம்பாதித்தது அங்கே இருந்தால் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

செங்காந்தள் எழுதியது:

அறிமுகப் பதிவு ஒன்று முதலில் போடுங்கள் தேன்மொழி, புதியவர்கள் எல்லோரும் போடுவார்கள், அதற்குத்தான் பெரும்பாலும் முதல் நல்ல வாக்குகள் விழும். முகம் காட்ட விருப்பம் இல்லை என்றால் ஒரு தாளில் கணக்குப் பெயரும் தேதியும் எழுதிச் செடிகளுக்கு நடுவே வைத்துப் படம் எடுங்கள், அது போதும். போட்டதும் இங்கே சொல்லுங்கள், வந்து படிக்கிறேன்.